நீலகிரியில் கருக்கலைப்பு: அரசா, தனியாரா, மிஷனா, கோவையா, கடை மாத்திரையா?

நாள் தள்ளிப்போய்விட்டது. இப்போது வேண்டாம் என்று மனதில் முடிவும் ஆகிவிட்டது. மலையில் பலர் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த கேள்வியில்தான்: எங்கே போவது? ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில் காசு வாங்கமாட்டார்கள், ஆனால் வரிசையில் ஊர்க்காரர் யாராவது நிற்பார். தனியாரில் கூட்டம் இருக்காது, பில் இருக்கும். பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் செய்வதில்லை என்கிறார்கள். கடையில் மாத்திரை கிடைக்குமாமே? பேசாமல் கோவைக்கே இறங்கிவிட்டால்?

கருக்கலைப்பு சரியா தவறா என்று வழக்காட இந்தக் கட்டுரை வரவில்லை. முடிவெடுத்தவருக்கும் அவரோடு துணைக்குப் போகிறவருக்கும் இந்த ஐந்து வழிகளையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டுவதுதான் நோக்கம். மதமும் அரசியலும் நடுவில் வரும். அரசு ஏன் காசில்லாமல் செய்கிறது, மிஷன் ஏன் செய்வதில்லை என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

வாரம். இதுதான் முதல். டாக்டர் கணக்கில், கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிய தேதியிலிருந்து அல்ல. பத்து நாள் தள்ளியிருக்கிறது என்றால் 28-ம் 10-ம் சேர்ந்து 38 நாள், அதாவது ஐந்து வாரம் மூன்று நாள். "இப்பத்தானே பத்து நாள்" என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, மாத்திரையால் முடிக்கக்கூடிய ஒன்பது வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கரு தங்கியவர்களும் தேதியை நம்ப வேண்டாம். ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

சட்டத்தின் படிகளும் வாரத்தை வைத்துத்தான். 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல் புதிய வரம்புகள் நடப்பில் உள்ளன. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நிலைமைகளில்: வன்புணர்வுக்கு ஆளானவர், 18 வயது நிறையாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி, மனநலப் பாதிப்புள்ளவர், சிசுவுக்குக் குறைபாடு, பேரிடர்ச் சூழல். திருமணமாகாதவரை இந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 20 வாரத்துக்குள் என்றால் கருத்தடை தவறிப்போனது என்பதே ஏற்கத்தக்க காரணம். முன்பு அது கணவன் மனைவிக்கு மட்டும் என்று இருந்தது. 2021 திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டது.

சாலை. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை. கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. எருமாடு, சேரம்பாடி பக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு கூடலூர் வருவதே ஒரு பயணம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் மழையில் கிடக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும். இரவு ரத்தப்போக்கு அதிகமானால் எத்தனை நேரத்தில் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியும் என்பதுதான் உண்மையான தூரம்.

காகிதம். கருக்கலைப்புக்குப் பின் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. தேயிலை எஸ்டேட்டில் இலை எடுப்பவருக்கும், பேக்டரியில் நிற்பவருக்கும் இது பெரிய தொகை. ஆனால் டாக்டர் சான்று இல்லாமல் கிடைக்காது. விடுப்புக்காகக் கேட்டால் டாக்டர் சான்று தர வேண்டும் என்றும், அதைப் பார்க்கும் முதலாளி வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

கண்கள். சின்ன ஊர். யார் எந்த ஆட்டோவில் ஏறினார் என்பது சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும்.

பணம். இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வாரத்தைத் தொலைத்தால் பணமும் கூடப் போகும். ஏழு வாரத்தில் மாத்திரையோடு முடிவது பதினான்கு வாரத்தில் அட்மிஷன் ஆகிவிடும்.

## அரசு மருத்துவமனை

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (700 படுக்கைகளுடன் புதிய வளாகம் 2025 ஏப்ரலில் திறந்தது), குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனைகள். அரசு நடத்தும் இடத்துக்குச் சட்டப்படி தனி அனுமதி தேவையில்லை. பயிற்சி பெற்ற டாக்டரும் கருவியும் இருந்தால் போதும். சிக்கலும் இதே இடத்தில்தான்: கட்டடம் இருக்கும், மகப்பேறு டாக்டர் அன்று டூட்டியில் இருப்பாரா என்பது வேறு கதை. கிளம்புவதற்கு முதல் நாளே 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன் போட்டு, மகப்பேறு ஓபி எந்தெந்த நாள் என்று கேட்டுவிடுங்கள். 12 வாரம் தாண்டியிருந்தால் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக் கழிக்காமல் நேரே ஊட்டிக்குப் போவது நல்லது. எப்படியும் அங்கேதான் அனுப்புவார்கள்.

முதல் வருகையில் நடப்பது: ஓபி சீட்டு, சிறுநீர்ப் பரிசோதனை, ஹீமோகுளோபின், ரத்த வகை, தேவைப்பட்டால் ஸ்கேன். ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். அடுத்த கர்ப்பத்தைக் காப்பாற்றும் ஊசி அது, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடலூர், பந்தலூர் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரை. முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் மற்றவை, பதினைந்தாம் நாள் மறு பரிசோதனை. 12 வாரம் வரை கையால் இயக்கும் உறிஞ்சு கருவி. மரத்துப்போக ஊசி போட்டு பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். இன்னமும் சில இடங்களில் 'டி அண்ட் சி' என்று சுரண்டி எடுக்கிறார்கள். வழிகாட்டுதல்கள் அதைக் கைவிடச் சொல்லி வெகுகாலமாகிறது. "உறிஞ்சி எடுப்பீர்களா, சுரண்டுவீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. 12 வாரத்துக்கு மேல் என்றால் அட்மிஷன்தான்.

ஓபியில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"அவரு கையெழுத்து வேணுமே."

வேண்டாம். 18 வயது நிறைந்த பெண் என்றால் படிவம் 'சி' என்ற சம்மதப் படிவத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சிஸ்டர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. பின்னால் குடும்பத்தார் வந்து சண்டை போடுவார்களோ என்ற பயம். "படிவம் சி-யில நானே போடுறேன் சிஸ்டர், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்று பதமாகச் சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும். பெயர் எழுதும் சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். மற்ற பதிவேடுகளில் வரிசை எண்தான் வர வேண்டும். விவரத்தை வெளியே விட்ட டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு.

ஒளிந்திருக்கும் செலவு என்று பார்த்தால், முதலில் நாட்கள். ஓபி, மாத்திரை, மறு பரிசோதனை என்று குறைந்தது மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். மூன்று நாள் கூலி போகும், கூட வருகிறவர் கூலி தனி. அட்மிஷன் என்றால் பிரசவ வார்டிலேயே படுக்கை கிடைக்கலாம். பக்கத்துக் கட்டிலில் பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. கர்ப்பத்தை ஏற்கெனவே பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவுத் தளத்தில் பதிந்திருந்தால், கிராம சுகாதார செவிலியர் விசாரித்து வீட்டுக்கு வரக்கூடும். வாசலில் வைத்து அவர் கேட்பதற்கு முன் நீங்களே தனியாகச் சொல்லிவிடலாம்.

இன்னொரு செலவு உண்டு. அது புரிய இந்த இலவசம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

### அரசு ஏன் காசு கொடுக்கிறது

1964-ல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1966-ல் அறிக்கை வந்தது. கள்ளத்தனமாகக் கலைக்கப்போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் வாதம். அதே ஆண்டுகளில் டெல்லிக்கு இன்னொரு கவலையும் இருந்தது: மக்கள்தொகை. 1967-ல் சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சரான ஸ்ரீபதி சந்திரசேகர் மக்கள்தொகை அறிஞர். சட்டபூர்வக் கருக்கலைப்பை வெளிப்படையாக ஆதரித்தவர். 1971-ல் சட்டம் வந்து 1972 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தபோது, சேவை குடும்பநலத் துறையின் கீழேயே அமைந்தது. தமிழ்நாட்டில் பெரியார் 1930-களிலேயே பிள்ளைப்பேற்றைத் தடுப்பது பெண்ணின் விடுதலைக்காக என்று எழுதியிருந்தார். அரசுப் பணம் வந்த வழி வேறு. எண்ணிக்கையைக் குறைக்கும் கணக்கில்தான் அது வந்தது.

அந்தக் கணக்கின் மிச்சம் இன்னும் ஓபியில் இருக்கிறது. "கலைச்சுவிடறோம், கூடவே லூப் போட்டுக்கோ" என்பார்கள். இரண்டு பிள்ளை இருந்தால் ஆபரேஷன் என்பார்கள். கருத்தடை பற்றிச் சொல்வது அவர்கள் கடமை. கலைத்த பத்து நாளுக்குள்ளேயே கருமுட்டை வெளிவரலாம் என்பதால் அந்தப் பேச்சு அவசியமும்கூட. ஆனால் லூப் போட்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை வைக்க மத்திய அரசின் வழிகாட்டுதல் இடம் தரவில்லை. வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் ஊசி, மாத்திரை, ஆணுறை என்று கேட்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொல்லலாம்.

இதை அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே நீதிமன்றம் 1973-ல் உரிமை கொடுத்தது; 1976-ல் ஹைட் திருத்தம் வந்து, ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் மத்திய அரசுப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடத் தடை போட்டது. இப்போதைய வடிவில் தாயின் உயிருக்கு ஆபத்து, வன்புணர்வு, இரத்த உறவில் நடந்த கொடுமை இவற்றுக்கு மட்டும் விலக்கு. 1980-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. உரிமை இருந்தது, பணம் இல்லை. 2022-ல் அந்த உரிமையையும் நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களிடம் எதிர்ப்பு அதிகம் என்பதும், சட்டபூர்வமாக இருக்கட்டும் என்பவர்களிலேயே ஒரு பகுதியினர் வரிப்பணம் மட்டும் கூடாது என்பதும் அங்கே கணிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது. இங்கே வரிப்பணம் போகிறதே என்று தேர்தல் மேடையில் யாரும் கேட்பதில்லை. 2021 திருத்தம் ராஜ்யசபைக்கு வந்தபோதுகூட, தேர்வுக் குழுவுக்கு அனுப்பு என்ற கோரிக்கை எழுந்ததே தவிரப் பணத்தைப் பற்றிச் சண்டை இல்லை. அதனால் இங்கே பணம் சட்டப்படி வருகிறது, தடங்கல் ஓபி மேசையில், ஒரு சிஸ்டரின் பார்வையில், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியில் வருகிறது.

## மிஷன் மருத்துவமனை

பல ஊர்களில் பக்கத்தில் இருப்பதும், கனிவாகப் பேசுவதும், குறைந்த கட்டணத்தில் பார்ப்பதும் இதுதான். ஆனால் கத்தோலிக்க நிர்வாகம் என்றால் கருக்கலைப்பு செய்யமாட்டார்கள்; கேட்டுப் பார்த்து மனம் நோக வேண்டாம். சட்டம் நிறைவேறி 50 ஆண்டு ஆன 2021 ஆகஸ்ட் 10-ஐ இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை துக்க நாளாகக் கடைப்பிடித்தது. அந்த அளவுக்கு உறுதியான நிலைப்பாடு. சி.எஸ்.ஐ. போன்ற மற்ற சபைகளின் ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தாயின் உயிர், சிசுவின் கடுமையான குறைபாடு என்றால் சில இடங்களில் செய்வார்கள், சில இடங்களில் வேறிடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். போனில் நேரடியாகக் கேட்டுவிடுவது மேல்.

இருந்தாலும் மூன்று வேலைகளுக்கு மிஷன் ஆஸ்பத்திரி நல்ல இடம். ஒன்று, கரு உறுதியா, எத்தனை வாரம் என்று பார்க்க. இரண்டு, கரு தானாகவே கலைந்துவிட்டால், அல்லது வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டால் சிகிச்சைக்கு. இது அவர்கள் கொள்கைக்கு முரணானது அல்ல. மூன்று, வேறெங்கோ ஆரம்பித்துப் பாதியில் நின்று ரத்தப்போக்கோடு வரும் அவசரத்துக்கு. கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் சிகிச்சை தருவார்கள்.

ஒளிந்திருக்கும் செலவு: காலம். "இன்னும் ஒரு வாரம் ஜெபிச்சு யோசிங்க, அப்புறம் வாங்க" என்று அன்போடு சொல்லப்படும் ஒரு வாரம், எட்டு வாரம் தாண்டியவருக்கு மாத்திரை வழியை அடைத்துவிடும். அவர்கள் மனசாட்சியை மதிக்கலாம். உங்கள் தேதியையும் எண்ணிக்கொண்டிருங்கள்.

சொந்த நம்பிக்கை உறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இஸ்லாமிய மார்க்க அறிஞர்களிடையே 120 நாள் என்பது பெரிய எல்லைக்கோடு. அதற்கு முன்பே கூடாது என்பவர்களும், 40 நாளோடு நிறுத்துபவர்களும் உண்டு. தாயின் உயிர் ஆபத்து என்றால் விலக்கு. அந்த 120 நாள் கரு உண்டானதிலிருந்து எண்ணுவது. டாக்டர் கணக்கில் அது சுமார் 19 வாரம். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டால் இரண்டு வாரம் தவறும். இந்து மரபில் சாஸ்திரங்கள் கருவழிப்பைப் பாவம் என்று சொன்னாலும், ஆஸ்பத்திரிக்குக் கட்டளையிடும் ஒரே தலைமைப்பீடம் கிடையாது. குடும்பத்துப் பெரியவர்கள்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

## அனுமதி பெற்ற தனியார்

தனியார் ஆஸ்பத்திரிக்கு மாவட்டக் குழு அனுமதி வேண்டும். படிவம் 'பி' என்ற சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். எத்தனை வாரம் வரை செய்யலாம் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். சிறிய கிளினிக்கில் ஒன்பது வாரம் வரை மாத்திரை மட்டும் கொடுக்கலாம், அதுவும் அவசரத்துக்கு ஏற்றுக்கொள்ளும் அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி ஒன்றோடு ஏற்பாடு இருந்தால். "அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே நாளில் முடியும், வரிசை இல்லை, கேள்வி குறைவு. இது உண்மைதான். பில்லை மட்டும் முன்பே பிரித்துக் கேட்க வேண்டும்: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, ஆன்டி-டி, மறு வருகை, மிச்சம் தங்கினால் திரும்ப உறிஞ்சி எடுப்பது எல்லாம் சொன்ன தொகைக்குள் உண்டா? கடைசி இரண்டில்தான் பலருக்கு அதிர்ச்சி. ரசீதும் டிஸ்சார்ஜ் சீட்டும் கட்டாயம் வாங்குங்கள். "பேப்பர் எதுவும் வேண்டாம், யாருக்கும் தெரியாம முடிச்சுடலாம்" என்று ஒரு இடம் சொன்னால், ஆறு வார விடுப்பும் சட்டப் பாதுகாப்பும் அந்தப் பேப்பரோடுதான் போகின்றன.

12 வாரத்துக்கு மேல் போனால் சில டாக்டர்கள் தயங்குவார்கள். ஆணா பெண்ணா பார்த்துக் கலைக்க வந்ததாக அதிகாரிகள் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அது. பாலினத் தேர்வைத் தடுப்பது 1994-ன் தனிச் சட்டம். அதைக் காட்டி முறையான கருக்கலைப்பை மறுக்கக் கூடாது. வாதாடி வாரத்தைப் போக்காமல் ஊட்டிக்கோ கோவைக்கோ போவதே புத்திசாலித்தனம்.

## கீழே, கோவை

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக 86 கி.மீ. அளவு. முகம் தெரியாத ஊர், எல்லா வகை ஆஸ்பத்திரியும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இங்கேயும் காசு கிடையாது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. 12 வாரம் தாண்டியவருக்கும், இதய நோய், முன்பு சிசேரியன் போன்ற சிக்கல் உள்ளவருக்கும், ஊரில் யார் கண்ணிலும் படக் கூடாது என்பவருக்கும் இது பொருந்தும்.

செலவு பயணத்தில் இல்லை, திரும்பி வருவதில். மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, கல்லார் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் வலியும் வாந்தியுமாக வருவது கொடுமை. இரண்டாவது கட்ட மாத்திரையை அங்கேயே தங்கிச் சாப்பிடுங்கள், அல்லது வீட்டுக்கு வந்தபின் சாப்பிட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பஸ்ஸுக்கு முன் வேண்டாம். கோடை சீசனில் குன்னூர் வழி ஏறுவதற்கும் கோத்தகிரி வழி இறங்குவதற்கும் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். பயண நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். மறு பரிசோதனைக்கு இன்னொரு முறை இறங்க முடியாவிட்டால், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

## மருந்துக் கடை மாத்திரை

ரகசியம், சுலபம், மலிவு என்று நினைத்துப் போகும் வழி. மூன்றும் முழு உண்மையில்லை. மைஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்று, மைசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு என்று ஒரே அட்டையில் வரும் இந்த மருந்து, டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. தமிழ்நாட்டில் கெடுபிடிக்குப் பயந்து பல கடைகள் வைப்பதே இல்லை. வைக்காத கடையில் "இதைச் சாப்பிடுங்க, நாள் வந்துடும்" என்று மாதவிலக்கைச் சீர்செய்யும் ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அது கருவைக் கலைக்காது. ஒரு வாரம் காத்திருந்து ஏமாறுவதுதான் மிச்சம். பப்பாளி, எள்ளு, கருப்பட்டி கதையும் அதேதான்.

சரியான மாத்திரையே கிடைத்தாலும், ஒன்பது வாரத்துக்குள் முறையாகச் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முழுதாக முடியும்; மீதிப் பேருக்கு மிச்சம் தங்கும், அல்லது கரு தொடரும். கடையில் வாங்குகிறவருக்கு இரண்டு விஷயம் தெரியாமல் போகிறது. ஒன்று, எத்தனை வாரம் என்று. பதினொன்றில் இருந்துகொண்டு எட்டு என்று நம்பிச் சாப்பிட்டால் ரத்தப்போக்கு வேறு அளவில் இருக்கும். இரண்டு, கரு எங்கே இருக்கிறது என்று. கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைத் தொடாது. அது வெடித்தால் உயிரே போகும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருப்பவர், லூப் உள்ளேயே இருப்பவர், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர் இதைத் தானாகத் தொடவே கூடாது. சட்டமும் பாதுகாப்பு தராது: முறைக்கு வெளியே நடக்கும் கருக்கலைப்பு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 88-ம் பிரிவின் கீழ் குற்றம்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால், கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைவது, 24 மணி நேரத்துக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, ஒரு பக்க அடிவயிற்றில் அல்லது தோள்பட்டையில் வலி, கண் இருட்டு, இதற்கு நேர் எதிராக, மாத்திரை போட்டும் ரத்தமே வராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. அது வந்துசேர நேரமாகும் இடத்தில் இருந்தால் ஜீப்பையோ ஆட்டோவையோ பிடித்துக் கிளம்பிவிடுங்கள். விடியட்டும் என்று உட்காராதீர்கள். டாக்டரிடம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்று அட்டையோடு காட்டுங்கள். தானாகக் கலைந்தவருக்குச் செய்யும் அதே சிகிச்சைதான், ஆனால் தெரிந்து செய்வது வேகமாக நடக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதுவரை | கைக்காசு | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| அரசு | ஊட்டியில் 24 வாரம் வரை. தாலுகாவில் டாக்டரைப் பொறுத்து | இல்லை | கூலி இழப்பு, வார்டு, லூப் வற்புறுத்தல் | விடுப்புச் சான்று வேண்டுபவர், 12 வாரம் தாண்டியவர், உடல்நலச் சிக்கல் உள்ளவர் |
| மிஷன் | பெரும்பாலும் செய்வதில்லை | குறைவு | போகும் வாரங்கள் | பரிசோதனை, அவசரம், தானாகக் கலைந்தது |
| தனியார் | சான்றிதழில் உள்ளபடி | அதிகம் | தனித்தனி பில், மறு வருகை | 12 வாரத்துக்குள், ஒரே நாளில் முடிய வேண்டுபவர் |
| கோவை | 24 வாரம் வரை | அரசில் இல்லை. தனியாரில் அதிகம் | மலைப்பாதைத் திரும்பல், தங்கும் செலவு | முகம் மறைக்க வேண்டியவர், சிக்கலான நிலை |
| கடை மாத்திரை | கணக்கே தெரியாது | குறைவு போலத் தெரியும் | ரத்தம், சான்று, சட்டம் | யாருக்கும் இல்லை |

எட்டு வாரத்துக்குள், உடல்நலச் சிக்கல் இல்லாமல், ஒரு நாள் செலவு தாங்கக்கூடியவர் என்றால் உள்ளூர் அனுமதி பெற்ற தனியாரே எங்கள் தேர்வு. ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப ஆஸ்பத்திரி போகலாம் என்பதே காரணம். எஸ்டேட்டில் வேலை செய்பவருக்கு எத்தனை வாரமானாலும் அரசு மருத்துவமனைதான். ஆறு வாரச் சம்பளம் மூன்று நாள் கூலியைவிடப் பெரிது.

## தேர்வுக்கே இடமில்லாத இரண்டு நிலைமைகள்

18 வயது நிறையாதவர். பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடலாம் என்று 2022 தீர்ப்பு சொல்கிறது. இது தெரியாமல், போலீஸ் வந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே மறைத்து வைத்து, 20 வாரம் கடந்தபின் கொண்டுவருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாரம் குறைவாக இருக்கும்போதே நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். துணைக்கு யாருமில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது பெண்கள் உதவி எண் 181.

24 வாரத்துக்கு மேல். சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்றால் மட்டும், மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு முடிவு செய்யும். கோரிக்கை வந்த மூன்று நாளில் கருத்து, ஐந்து நாளுக்குள் சிகிச்சை என்பது விதி. ஊட்டி மகப்பேறுத் துறை மூலமாகவே விண்ணப்பியுங்கள். குறைபாட்டைக் காட்டும் ஸ்கேன் அறிக்கையின் மூலப்பிரதி, ரத்தப் பரிசோதனைகள், முந்தைய பிரசவச் சீட்டுகள் எல்லாம் முதல் நாளே கையில் இருக்கட்டும். ஒரு காகிதம் விட்டுப்போய் மறுநாள் கொண்டுவரச் சொன்னால், கூடலூர்க்காரருக்கு அது இன்னொரு நூறு கிலோமீட்டர். வேறு காரணங்களுக்கு நீதிமன்றம்தான் வழி. அங்கும் அனுமதி நிச்சயமில்லை: 2023 அக்டோபரில் திருமணமான ஒரு பெண் 26 வாரத்தில் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் வார வரம்பு, இரண்டாவது டாக்டர், குழு எதுவும் தேவையில்லை.